உறுதியான பென் டிரைவ்: திருகு மூடி உருளையா, குட்டை உலோகமா?

அச்சகத்துக்குப் பக்க வடிவமைப்புக் கோப்புகளைக் கொண்டு செல்வது என் அன்றாட வேலை. கணினிப் பெட்டியின் முன்புறத்தில் செருகியிருந்த பழைய பிளாஸ்டிக் பென் டிரைவ் ஒன்று என் முழங்கால் இடித்து வளைந்து, 180 பக்க நூலொன்றின் இறுதிப் படியையும் தன்னோடு கொண்டுபோய்விட்டது. அதன் பிறகுதான், உறுதியானவை என்று சொல்லி விற்கப்படும் இரு வகைகளில் ஒவ்வொன்றை வாங்கி, எது தாங்கும் என்று சோதிக்கத் தொடங்கினேன்.

முதல் வகை, ரப்பர் வளையம் பொருத்திய திருகு மூடியுடன் வரும் தடித்த அலுமினிய உருளை. கோர்சேர் நிறுவனத்தின் ஃபிளாஷ் சர்வைவர் இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. 200 மீட்டர் ஆழம் வரை நீர் புகாது என்பது அதன் விளம்பரம். இரண்டாவது, மூடியே இல்லாத குட்டை உலோக வகை. ஏறத்தாழ 40 மில்லிமீட்டர் நீளமுள்ள சாம்சங் பார் பிளஸ் அத்தகையது. கடல்நீரில் 72 மணி நேரம் கிடந்தாலும் பழுதாகாது என்கிறார்கள். காந்தத்துக்கும் அஞ்சாது என்று சேர்த்துச் சொல்வதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஃபிளாஷ் நினைவகம் தகவலை மின்னூட்டமாகச் சேமிக்கிறதே தவிர காந்தமாக அல்ல என்பதால், வீட்டுக் காந்தத்துக்கு மிக மலிவான பென் டிரைவும் அஞ்சாது.

நான் வாங்கியவை இரண்டும் வேறு நிறுவனங்களின் தயாரிப்புகள். ஒவ்வொரு சோதனைக்கு முன்பும் பின்பும் எஃப்3 மென்பொருளால் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துச் சரிபார்த்தேன். உப்புநீர் வாளியில் ஓர் இரவு, தோள் உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் பத்து முறை, சட்டைப் பையோடு சலவை இயந்திரத்தில் ஒரு முறை: இரண்டுமே தேறின. குட்டை வகையை ஒரு நாள் முழுக்க உலரவிட்ட பின்னரே செருகினேன். நனைவதைக் காட்டிலும், ஈரத்தோடு மின்சாரம் பாய்வதே இவற்றுக்குக் கேடு.

ஆனால் என் பழைய பென் டிரைவ் நீரிலும் சாகவில்லை, விழுந்தும் சாகவில்லை. செருகிய நிலையில் பக்கவாட்டில் இடிபட்டுத்தான் செத்தது. இந்த ஒப்பீட்டில் எனக்கு முடிவைத் தந்ததும் அதுதான். யுஎஸ்பி-ஏ முனையில் ஏறத்தாழ 12 மில்லிமீட்டர்தான் துளைக்குள் செல்கிறது. மீதி முழுவதும் நெம்புகோலாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். குட்டை வகையில் அந்த நீட்டம் 28 மில்லிமீட்டர், என்னிடமுள்ள உருளையிலோ 58. நுனியில் படும் இடி ஒன்றாகவே இருந்தாலும், முனையின் அடியில் ஏற்படும் வளைவிசை உருளையில் இரு மடங்குக்கும் அதிகம். வழக்கமான அமைப்பில் அவ்விசையைத் தாங்குபவை, முனையைச் சுற்றுப்பலகையோடு இணைக்கும் சில சாலிடர் புள்ளிகள் மட்டுமே. வெளியே எவ்வளவு தடித்த அலுமினியக் கவசம் இருந்தாலும், செருகியிருக்கும்போது அந்த மூட்டுக்கு அதனால் பெரிய பாதுகாப்பு இல்லை. கவசத்தின் எடை கூடுதல் சுமையாகிறது என்றே சொல்லலாம். குட்டை வகை பலவற்றில் நினைவகச் சில்லு, அதை இயக்கும் கட்டுப்படுத்தி, துளைக்குள் மின்தொடர்பு தரும் தொடுபட்டைகள் யாவும் ஒரே வார்ப்பில் அடங்கிவிடுவதால், ஒடிவதற்கென்று தனி மூட்டே கிடையாது. செருகிய இரண்டையும் விரலால் பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தபோது, குட்டை வகை கிட்டத்தட்ட அசையவில்லை. உருளை துளையையே சேர்த்து ஆட்டியது. கணினியின் துளை போய்விடும் என்ற அச்சத்தில் அதற்கு மேல் தள்ளவில்லை. ஆகவே ஒடியும் எல்லை எதுவென்று நான் அளந்ததாகச் சொல்ல முடியாது.

குட்டை வகைக்கும் குறைகள் உண்டு. பெரிய கோப்புகளை எழுதும்போது கை பொறுக்காத அளவுக்குச் சூடாகிறது. அதைவிட முக்கியமானது, அந்த ஒற்றை வார்ப்பு ஒருமுறை செயலிழந்தால், தனிச் சில்லைக் கழற்றித் தகவலை மீட்கும் எளிய வழி அடைபட்டுவிடுகிறது. மீட்பவர் வார்ப்பைச் சுரண்டி நுண்ணிய இணைப்புகளைத் தேட வேண்டும், செலவும் அதற்கேற்ப ஏறும். உத்தரவாதம் பொருளுக்கே உரியது, உள்ளிருக்கும் கோப்புக்கு அல்ல. நான் இதைப் பயன்படுத்தி ஒன்றரை ஆண்டுதான் ஆகிறது என்பதால், ஐந்தாறு ஆண்டு உழைப்பைப் பற்றி என் அனுபவத்தைக் கொண்டு பேசுவதற்கில்லை.

படகிலோ கல் குவாரியிலோ வேலை செய்பவருக்கு உருளையே ஏற்றது. தொடுபட்டைகளில் உப்பும் தூசியும் படியாமல் காப்பது அந்த மூடிதான். நாள்தோறும் நான்கு கணினிகளில் செருகும் எனக்குக் குட்டை வகையே போதும். என் உருளை இப்போது வண்டியின் பெட்டிக்குள், ஆவணங்களின் இரண்டாம் படியோடு கிடக்கிறது; ரப்பர் வளையத்தில் மணல் ஒட்டியிருந்தால் நீர் கசியும் என்பதால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து துடைத்து மூடுகிறேன்.