ஹாசுயின் பனி: முதலில் வெள்ளையைப் பாருங்கள்

ஜப்பானிய ஓவியர் காவாசே ஹாசுயின் ‘ஷிபா ஸோஜோஜி’ (1925): சிவப்புக் கோயில் வாயில், சாய்ந்தடிக்கும் பனி, குடையைத் தணித்துப் பிடித்து நடக்கும் ஒரு பெண். நவீன ஜப்பானிய மரக்கட்டை அச்சுகளில் அதிகம் விரும்பி வாங்கப்படுபவற்றில் ஒன்று. வதானபே ஷோசாபுரோ வெளியிட்ட ‘டோக்கியோவின் இருபது காட்சிகள்’ தொகுதியைச் சேர்ந்தது. ஹாசுய் 1957இல் மறைந்தார். அவர் காலத்து அச்சு, பிற்காலத்தில் கையால் எடுத்த மறு அச்சு, இயந்திரச் சுவரொட்டி என இன்று மூன்று தரத்தில் இது கிடைக்கிறது. சிவப்பு மூன்றிலும் கண்ணைப் பறிக்கும். தரம் தெரிவது வெள்ளையில்தான்.

ஏனென்றால் அந்தப் பனி மையால் வந்ததல்ல, வெறும் காகிதம். வாயிலின் மேல் விழும் ஒவ்வொரு பனித்துளிக்கும், சிவப்பை அச்சிடும் கட்டையில் ஒரு குழி வெட்ட வேண்டும். அதே இடத்தில் நிழலுக்கு இன்னொரு கட்டை ஏறினால் அதிலும் அதே குழி. காகிதத்தைப் பொருத்தி வைக்கக் கட்டையின் ஓரத்தில் செதுக்கும் அடையாளத்துக்குக் கென்தோ என்று பெயர். அதில் மயிரிழை பிசகினாலும் துளியின் ஒரு விளிம்பில் நிறம் ஏறிவிடும். பெரும்பாலும் பிசகுவது செதுக்கியவர் கையால் அல்ல, ஈரத்தால்: வாஷி என்னும் ஜப்பானியக் காகிதத்தை நனைத்தே அச்சிடுகிறார்கள், இடையில் காய்ந்தால் அது சுருங்கும். ஆகவே வாயில்மேல் விழும் துளிகளைப் பத்து மடங்கு உருப்பெருக்கியில் பாருங்கள். விளிம்பு சுத்தமாக இருந்தால் நல்ல அச்சு. வண்ணப் புள்ளிகள் வரிசை கட்டி நின்றால் அது சுவரொட்டி. பழைய காகிதத்தின் மஞ்சளையும் சேர்த்துப் படமெடுத்து மையாகக் கொட்டியிருப்பார்கள்; பனி பால்கோவா நிறத்தில் இருக்கும்.

அடுத்து பின்பக்கம். கையச்சில் நிறம் பின்னால் கசிந்திருக்கும். பாரென் என்ற தேய்ப்பு வட்டு அழுத்திய சுழல் தடங்களும் பல அச்சுகளில் தெரியும்.

கையால் எடுத்த மறு அச்சைத் தாழ்வாக எண்ண வேண்டியதில்லை. சுவரில் மாட்டத்தான் என்றால் அதுவே புத்திசாலித்தனம்: காகிதம் புதிது, பனி வெள்ளை வெளேரென்று இருக்கும். குறை வேறிடத்தில். கட்டை தேயத் தேய மெல்லிய கோடுகள் தடிக்கும். பொகாஷி என்னும் நிறத்தேய்வு அச்சுக்கு அச்சு மாறும். அதைக் கட்டையில் ஈரத்தையும் நிறத்தையும் தூரிகையால் கலந்து ஒவ்வொரு முறையும் கையால்தான் கொண்டுவருகிறார்கள். எனவே மாதிரிப் படத்தை நம்பாமல், உங்களுக்கு வரப்போகும் பிரதியின் படத்தையே கேளுங்கள். பழைய அச்சு என்று சொன்னால் ஓரத்திலுள்ள பதிப்பாளர் முத்திரையின் படத்தையும் கேட்டு வாங்குங்கள். எந்தக் காலத்து அச்சு என்பதற்கு அதுவே முதல் தடயம். இன்னொரு ஜப்பானிய அச்சோவியரான யோஷிதா ஹிரோஷியின் பனிக்காட்சி என்றால் ஓரத்தில் ‘ஜிஸூரி’ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அவர் மேற்பார்வையில் அச்சானதற்கு அதுவே அடையாளம்.

பழைய பிரதிகளின் எதிரி அட்டை. அமிலமுள்ள அட்டையில் வைத்துச் சட்டமிட்டிருந்தால் அட்டை தொட்ட இடமெல்லாம் பழுப்பேறும். இரவுக் காட்சியில் அது மறையும், பனிக்காட்சியில் மறையாது. பசை நாடா ஒட்டியிருந்தால் வாங்க வேண்டாம். மேல் ஓரத்தில் மட்டும் மெல்லிய வாஷித் துண்டை மாவுப்பசையால் ஒட்டித் தொங்கவிடுவதே முறை. கண்ணாடி அச்சைத் தொடக்கூடாது, வெயில் படும் சுவரும் ஆகாது.