ஓரியனா, கரீனாவா? பினாங்கு வானத்தில் எதைத் தேடுவது

பைனாகுலர் வாங்கிய தம்பிகள் இருவர் கேட்டார்கள்: இளம் விண்மீன்கள் வாயுத் தாரை பீய்ச்சும் ஓரியன், கரீனா நெபுலாக்களில் (வாயுவும் தூசும் நிறைந்த விண்முகில்களில்) எதை முதலில் பார்ப்பது? தாரைகள் பைனாகுலரில் தெரியாது; அவை பிறக்கும் முகில் தெரியும்.

தொலைவு: ஓரியன் சுமார் 1,350 ஒளியாண்டு, கரீனா சுமார் 7,500.

உயரம்: ஓரியன் ஏறக்குறைய உச்சிக்கே வரும், கரீனா தெற்கில் 25 பாகைதான் எழும். தெலுக் கும்பார் போலத் தெற்குக் கடல் திறந்த கரை வேண்டும்.

காலம்: ஓரியனுக்கு ஜனவரி, பிப்ரவரி. மழை குறைந்த மாதங்கள், ஆனால் தைப்பூசத்தை ஒட்டிய நாட்களைத் தவிருங்கள், முழுநிலவின் ஒளி நெபுலாவை மறைத்துவிடும். கரீனாவுக்கு ஏப்ரல், மே. மாலை மழை சோதிக்கும்.

தாரைகள்: இங்குதான் என் மனம் கரீனா பக்கம் சாய்கிறது. பொதுவாகத் தாரை, சுற்றியுள்ள வாயுவில் மோதும் இடத்தில்தான் ஒளிரும். அருகில் பெருவிண்மீன் இருந்தால் அதன் புற ஊதாக் கதிர், மோதாத வாயுவையும் அயனியாக்கி ஒளிரச் செய்கிறது. ஓரியனில் அதன் நடுவிலுள்ள டிரப்பீசியம் என்னும் பெருவிண்மீன் கூட்டம் இதைச் செய்கிறது. அங்கே சில தாரைகள் வளைந்தும் இருக்கின்றன. கரீனாவிலோ, ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்து 2010இல் வெளியான படத்தில், மூன்று ஒளியாண்டு உயரத் தூணின் முனைகளிலிருந்து எச்.எச். (ஹெர்பிக்-ஹாரோ) 901, 902 என்னும் தாரைகள் இருபுறமும் பாய்கின்றன. அந்த முனை ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு விண்மீன் வளர்ந்துகொண்டிருக்கிறது!

முதல்முறை பார்ப்பவருக்கு, வீட்டு மாடியே போதுமென்பவருக்கு, ஓரியன். தாரைகளின் கதையில் மனம் தோய்ந்தவர், கடற்கரைவரை போகத் தயங்காதவர், கரீனாவுக்காகக் காத்திருக்கலாம்.