பஞ்சுக்குச்சி டப்பாவுக்கு இரண்டு நட்சத்திரம்

தருமபுரியில் வக்கீல் குமாஸ்தாவாக 22 வருஷம் ஓட்டியவன் நான். "டி.என்.ஏ ரிப்போர்ட் வந்துவிட்டது" என்றதும் கட்சிக்காரர் முகம் எப்படி வெளிறும் என்று பார்த்திருக்கிறேன். அந்த ஆர்வத்தில்தான் வம்சாவளி பார்க்கும் கிட் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன்.

உள்ளே இரண்டு பஞ்சுக்குச்சி, ஒரு கவர், தமிழே இல்லாத ஒரு விளக்கத்தாள். ஒரு குச்சியின் உறை ஓரத்தில் ஒட்டாமல் வாய் பிளந்து கிடந்தது. போன் போட்டுக் கேட்டால், "ஸ்டெரைல்தான் சார், பரவாயில்லை" என்கிறார்கள்.

எப்படிப் பரவாயில்லை? ஜெர்மனியின் ஹைல்பிரான் நகரில் 2007இல் ஒரு பெண் போலீஸ் சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கே கிடைத்த பெண் டி.என்.ஏ, கொலை, திருட்டு என்று சுமார் 40 இடங்களில் கிடைத்ததோடு ஒத்துப்போனது. முகம் தெரியாத அந்தப் பெண்ணை வருஷக்கணக்கில் தேடினார்கள். 2009இல் பார்த்தால், அந்த டி.என்.ஏ, சாம்பிள் எடுக்கும் பஞ்சுக்குச்சியைத் தயாரித்த இடத்தில் வேலை பார்த்த அம்மாவுடையது! ஸ்டெரைல் செய்தால் கிருமி சாகும், ஒட்டியிருக்கும் டி.என்.ஏ அப்படியே இருக்கலாம். ஆய்வகம் தப்பாகப் படிக்கவில்லை, குச்சியில் இருந்ததைச் சரியாகத்தான் சொன்னது. அந்தப் போலீஸைச் சுட்ட உண்மையான ஆட்கள் யார் என்பது 2011இல்தான் வெளியே வந்தது.

சரி, பிளந்த குச்சியைத் தூக்கிப் போட்டுவிட்டு மற்றதைக் கன்னத்துக்குள் தேய்த்தேன். பக்கத்தில் நின்ற பேரன் சரியாக அப்போது தும்மினான். ரிப்போர்ட் இன்னும் வரவில்லை. பார்சல் மட்டும் மூன்றே நாளில் வந்தது. இரண்டு நட்சத்திரமும் அதற்குத்தான்.