1,380 ரூபாய் குறைவு, ஆனால் எதில்?

கிருஷ்ணகிரி மச்சானின் கார் டிஎன் 24 பதிவு, 1,200 சிசி, வயசு ஆறு. இன்சூரன்ஸ் பாலிசி புதுப்பிக்கும் நேரம் கையில் இரண்டு விலை: தெரிந்த ஏஜென்ட் சொன்னது 10,170 ரூபாய், ஆன்லைனில் காட்டியது 8,790. "கண்ணை மூடிட்டு ஆன்லைன்ல போட்டுடலாம் மாமா" என்றான்.

கண்ணைத் திறந்தே பார்த்தோம். தேர்ட் பார்ட்டி, அதாவது நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகும் சேதத்துக்கான பங்கு, இரண்டிலும் 3,416. அது 1,000 முதல் 1,500 சிசி வரையுள்ள கார்களுக்கு 2022 ஜூனில் அரசு வைத்த கட்டணம், யாரிடமும் பேரம் நடக்காது. கிளைம் போடாத வருசங்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடியான என்சிபி 35%, ஜிஎஸ்டி 18%, எல்லாம் ஒன்றே. அவனுக்கு 15 லட்சத்துக்குத் தனி பி.ஏ. (விபத்துக் காப்பீடு) பாலிசி ஏற்கெனவே இருப்பதால் அதை இரண்டிலும் நீக்கிவிட்டோம். மிச்சம் இருந்தது ஐடிவி, அதாவது பாலிசியில் வண்டிக்குப் போடும் மதிப்பு. ஏஜென்ட் போட்டது 3.60 லட்சம், ஆன்லைனில் 2.90 லட்சம். வண்டி திருடுபோனாலோ, சரிசெய்யவே முடியாமல் நொறுங்கினாலோ கைக்கு வருவது அந்தத் தொகைதான். மாசம் நாலு தடவை தொப்பூர் கணவாய் இறங்கி சேலம் போகிறவன், 1,380 ரூபாய்க்காக 70,000 ரூபாயை விடுவானா?

ஆன்லைனிலும் ஐடிவியை 3.60 லட்சத்துக்கு ஏற்றிப் பார்த்தால் 9,940 வந்தது. ஆக உண்மையான வித்தியாசம் 230 ரூபாய். கிளைம் என்றால் ஒர்க்‌ஷாப்புக்கே வந்து நிற்கும் ஆளுக்கு அதைக் கொடுக்கலாம் என்று ஏஜென்டிடமே போட்டோம். ஏஜென்ட் போனை எடுக்காதவர் என்றால் நான் ஆன்லைன் பக்கம்தான்.

இரண்டு மாசத்தில் அடுத்த கேள்வி வந்தது. பர்கூரில் ஜவுளி எடுக்கப் போன இடத்தில் ரிவர்ஸ் எடுக்கும்போது பம்பர் கிழிந்துவிட்டது. பில் 6,500: பம்பர் 4,000, பெயின்ட்டும் கூலியும் 2,500. கிளைம் போடுவதா, கைக்காசா? தேய்மானம் கழிக்காமல் கொடுக்கும் பம்பர் டு பம்பர் எடுக்காத பாலிசி. பிளாஸ்டிக் பாகத்தில் பாதி, அதாவது 2,000 போச்சு. கிளைமில் கம்பெனி கழிக்கும் கட்டாயப் பிடித்தம் 1,000. பெயின்ட்டிலும் கொஞ்சம் வெட்டு. கைக்கு 3,300 வந்தால் பெரிசு. ஆனால் கிளைம் போட்டால், அடுத்த வருசம் 45% ஆக வேண்டிய என்சிபி பூஜ்ஜியமாகும். நம் வண்டிச் சேதத்துக்கான பிரீமியமான ஓன் டேமேஜ், தள்ளுபடிக்கு முன் 8,000 என்றே வைத்தாலும் ஜிஎஸ்டியோடு சுமார் 4,250 கூடுதலாகக் கட்டணும். அதற்கடுத்த வருசமும் 50 இருக்க வேண்டிய இடத்தில் 20தான். பெரிய அடி என்றால் யோசிக்காமல் கிளைம் போடுங்கள், கீறலுக்கு வேண்டாம்.

வெறும் தேர்ட் பார்ட்டி போதுமா என்றால், பென்னாகரத்தில் மாமனாரின் பழைய மாருதி 800-க்குப் போதும். அதே 2022 கட்டணப்படி 2,094, அதன்மேல் ஜிஎஸ்டி. அந்த வண்டிக்கு ஐடிவி பேசினால் அவரே சிரிப்பார்.

மச்சான் 6,500-ஐக் கையிலிருந்தே கொடுத்தான். அன்று எடுத்த ஜவுளி பில் அதைவிடப் பெரிசு, அதைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை.