36,500 ரூபாய் போச்சு, தோட்டக்கார அண்ணன் காலில் நாலு தையல்: புல் வெட்டும் மெஷின் வாங்கப் போகிறவர்கள் ஒரு நிமிடம் நில்லுங்கள்

கை நடுங்குகிற கோபத்தில் எழுதுகிறேன். நேற்று சாயங்காலம் நாலாவது தடவையாக அந்தக் கடைக்குப் போய்விட்டு வெறுங்கையோடு திரும்பினேன். 36,500 ரூபாய். என் சொந்தப் பணமாக இருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. கோயம்புத்தூர் சரவணம்பட்டி தாண்டி இருக்கிற எங்கள் லேஅவுட்டில் 22 வீடு. வீட்டுக்கு 1,700 என்று நானே படியேறி வசூல் பண்ணிய பணம் அது. பொருளாளர் நான்தான். மிஞ்சிய 900 ரூபாயில் பெட்ரோல் கேனும் கையுறையும் வாங்கினேன். கணக்கு நோட்டில் அந்தப் பக்கத்தைத் திறக்கவே மனசு வரவில்லை.

எங்கள் பூங்காவில் ஒன்பது சென்ட் புல்தரை. தோட்டக்கார அண்ணனுக்கு 58 வயது. இத்தனை வருஷமும் பெரிய கத்திரியால் குந்திக் குந்தி வெட்டினார். ஐப்பசி மழைக்குப் புல் முழங்கால் வரை வந்துவிட்டது. போன மாதம் ஊஞ்சலுக்குப் பக்கத்தில் கண்ணாடி விரியன் ஒன்று கிடந்தது. குழந்தைகள் ஓடுகிற இடம். அதற்கு மேல் யோசிக்க நேரமில்லை, தள்ளிக்கொண்டே போகிற பெட்ரோல் மெஷின் ஒன்று வாங்கிவிடலாம் என்று கூட்டத்தில் முடிவு பண்ணினோம்.

கடை பெயரை இங்கே எழுதவில்லை. மெயின் ரோட்டில் இருக்கிற பெரிய விவசாயக் கருவிக் கடை. பவர் வீடர், ஸ்ப்ரேயர், மோட்டார், தோளில் மாட்டிப் புதர் வெட்டும் பிரஷ் கட்டர் எல்லாம் வாசல் வரை அடுக்கியிருப்பார்கள். உள்ளே போனதும் மோர் கொடுத்தார்கள். முதலாளிக்கு ஐம்பது வயது இருக்கும், நிதானமான பேச்சு. "எத்தனை சென்ட்டுங்க அக்கா? சரிவா, சமமா? கல்லு கிடக்குமா? யார் ஓட்டப் போறாங்க?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அண்ணனுக்கு 58 வயது என்றதும், "அப்படின்னா கையால தள்ளுறது வேண்டாம்க்கா, தானாகவே சக்கரம் ஓடுறது எடுத்துக்குங்க, பெரியவருக்கு இடுப்பு தாங்காது" என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் விழுந்தேன். இரண்டு கடை ஏறி இறங்கியிருந்தேன், ஓட்டப் போகிற மனுஷனைப் பற்றி யாரும் கேட்கவில்லை. இவர் கேட்டார்.

46 சென்டிமீட்டர் பிளேடு, பின்பக்கம் புல் சேரும் பை, நாலு ஸ்ட்ரோக் என்ஜின். விலை 36,500. "ஜிஎஸ்டி பில் போட்டா நாப்பதுக்கு மேல போயிரும்க்கா, அசோசியேஷன் காசு, எதுக்கு வீணா?" என்று எஸ்டிமேட் சீட்டு ஒன்று எழுதிக் கொடுத்தார். ஊர்ப் பணத்தில் நாலாயிரம் மிச்சம் என்று நினைத்து வாங்கிக்கொண்டேன். அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். 20,000 ஜிபேயில் அனுப்பினேன், 16,500 ரொக்கம். "நம்ம ஆள் வீட்டுக்கே வந்து மாட்டி, ஓட்டிக் காட்டி, பெரியவருக்குச் சொல்லிக் கொடுத்துட்டுத்தான் வருவான்" என்று வாசல் வரை வந்து வழியனுப்பினார்.

சனிக்கிழமை குட்டியானையில் மெஷின் வந்து இறங்கியது. ஆள் வரவில்லை. டிரைவருக்கு ஒன்றும் தெரியவில்லை. புல் சேரும் பையும் இல்லை, "ஸ்டாக் வந்ததும் அனுப்புறோம்" என்றார்கள். போனில் முதலாளியிடம் ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டேன்: "ஆயில் ஏதாவது ஊற்றணுமா?" "முதல் ஆயில் கம்பெனியிலேயே ஊத்தித்தான் வரும்க்கா. நீங்க பெட்ரோல் மட்டும் வாங்கி வைங்க." இதை அவர் வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தால் இன்றைக்கு என் கையில் ஆதாரம் இருந்திருக்கும். போனில் சொன்ன பேச்சு காற்றோடு போய்விட்டது.

புதன்கிழமைதான் கடையின் சர்வீஸ் பையன் பைக்கில் வந்தான். பத்தே நிமிடம். கைப்பிடியை மடக்கி நிமிர்த்தி போல்ட் முடுக்கினான், பெட்ரோல் ஊற்றினான், கயிற்றை இழுத்து ஸ்டார்ட் பண்ணினான். ஆயில் பார்க்கிற டிப் ஸ்டிக்கை அவன் தொடவேயில்லை.

அதற்கப்புறம் அவன் செய்த இரண்டு காரியத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. இந்த மெஷினில் கைப்பிடியோடு சேர்த்து ஒரு கம்பி இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பிடித்தால்தான் என்ஜின் ஓடும். கையை விட்டால் என்ஜினும் பிளேடும் நின்றுவிடும். ஓட்டுகிறவர் வழுக்கி விழுந்தாலும் உயிர் பிழைக்கட்டும் என்றுதான் அதை வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 1982-லிருந்தே, கையை எடுத்த 3 வினாடிக்குள் பிளேடு நின்றாக வேண்டும் என்று விதி இருக்கிறது. இந்தப் பையன், "இதைப் பிடிச்சுக்கிட்டே இருந்தா தாத்தாவுக்குக் கை வலிக்கும்" என்று சொல்லி ஒரு கேபிள் டை போட்டு அந்தக் கம்பியைக் கைப்பிடியோடு இறுக்கிக் கட்டிவிட்டான். நான் பக்கத்தில்தான் நின்றேன். தெரிந்தவன் செய்கிறான் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது, பை மாட்டாதபோது பின்பக்க வாயை மூடுவதற்கு ஸ்பிரிங் வைத்த ஒரு மூடி உண்டு. "மூடியிருந்தா புல்லு அடைச்சுக்கும்" என்று அதைத் தூக்கி ஒரு கம்பியால் கட்டி வைத்தான். அதாவது, சுற்றுகிற பிளேடுக்கும் அண்ணனுடைய காலுக்கும் நடுவில் ஒரு தடுப்பும் இல்லை.

அவன் போய்ப் பத்து நிமிடம் இருக்கும். அண்ணன் இரண்டு வரிசை வெட்டி முடித்து மூன்றாவதில் திரும்பினார். "டங்" என்று ஒரு சத்தம். புல்லுக்குள் ஜல்லி கிடந்திருக்கிறது. அது பின்பக்கமாகப் பறந்து வந்து அவருடைய கெண்டைக்காலுக்கு முன்னால், எலும்பு மேலேயே அடித்தது. "அய்யோ அம்மணி" என்று கத்தி, கையை விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். மெஷின் நிற்கவில்லை. கைப்பிடிக் கம்பியைத்தான் கட்டிவிட்டானே. ஒரு முழம் தள்ளி அது பாட்டுக்கு உறுமிக்கொண்டிருக்கிறது, இவர் ரத்தத்தோடு தரையில் கிடக்கிறார். எப்படி நிறுத்துவது என்று எனக்கும் தெரியவில்லை. ஊஞ்சல் பக்கம் நின்ற இரண்டு குழந்தைகளைத் தூரப் போகச் சொல்லிக் கத்தினேன். அதற்குள் கடகடவென்று ஒரு சத்தம், புகை, கருகிய நாற்றம். தானாக நின்றது. கால் மணி நேரம்கூட முழுசாக ஓடவில்லை.

அண்ணனுக்கு நாலு தையல், டிடி ஊசி. எலும்பு முறியவில்லை. "கொஞ்சம் மேலே பட்டிருந்தா முட்டி போயிருக்கும்" என்றார் டாக்டர். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 46 சென்டிமீட்டர் பிளேடு நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் அதன் நுனி மணிக்கு 260 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் அடிபட்ட ஜல்லி.

மறுநாள் எங்கள் தெருமுனை மெக்கானிக் டிப் ஸ்டிக்கை உருவிக் காட்டினார். காய்ந்து கிடந்தது. என்ஜினைக் கழற்றினால், பிஸ்டனைக் கீழே இருக்கிற தண்டோடு இணைக்கிற கனெக்டிங் ராடு உடைந்திருக்கிறது. இந்த மாதிரிச் சின்ன என்ஜினில், அடியில் கிடக்கிற ஆயிலை வாரி உள்ளே தெளித்துக்கொண்டே இருந்தால்தான் இரும்பு இரும்போடு உரசாமல் ஓடுமாம். கம்பெனியில் சோதித்தபோது ஒட்டியிருந்த ஈரத்தில்தான் அந்தப் பத்து நிமிடமும் ஓடியிருக்கிறது என்றார். வழியில் கவிழ்ந்தால் ஆயில் ஒழுகும் என்பதால், இந்த மெஷின்களை ஆயில் இல்லாமல்தான் பெட்டியில் அனுப்புவார்களாம். தேவைப்படுவது அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல். நானூறு ரூபாய்க்குள் முடிகிற ஆயில். அதை ஊற்றாததால் 36,500 ரூபாய் மெஷின் இப்போது வெறும் இரும்பு. புது என்ஜின் போட 14,000 ஆகும் என்கிறார்.

ஸ்டார்ட்டர் கயிற்றில் ஒரு சின்ன நூல் தொங்கியது. அதில் ஏதோ சீட்டு கட்டியிருந்து கிழித்திருக்கிறார்கள். என்ன சீட்டு என்று முதல் தடவை கடைக்குப் போனபோதுதான் தெரிந்தது. அதே மாடல் இன்னொன்று வாசலில் நின்றது. அதன் கயிற்றில் சிவப்பு எழுத்தில் ஆங்கிலச் சீட்டு: என்ஜினில் ஆயில் இல்லை, ஊற்றாமல் ஸ்டார்ட் பண்ணாதே. போட்டோ எடுத்துக்கொண்டேன். இரண்டாவது தடவை போனபோது மெஷின் அங்கேயே நின்றது, சீட்டைக் காணோம்.

அன்றைக்கு மோர் கொடுத்து "அக்கா" என்று கூப்பிட்டவர், இப்போது "மேடம்" என்கிறார். முதல் தடவை, "சர்வீஸ் பையன் ஊருக்குப் போயிருக்கான், வந்ததும் அனுப்புறேன்." இரண்டாவது தடவை, "கம்பெனிக்கு மெயில் போட்டாச்சு, அவங்கதான் சொல்லணும்." மூன்றாவது தடவை முதலாளி இல்லை என்றார்கள், உள் அறையில் அவர் குரல் கேட்டது. நேற்று நேருக்கு நேர் கேட்டேன். "ஆயில் ஊத்தாம ஓட்டினது கஸ்டமர் மிஸ்டேக் மேடம், வாரண்டியில வராது. நான் எப்ப ஆயில் இருக்குன்னு சொன்னேன்?" வாரண்டி கார்டை நீட்டினேன். "இதுல சீல் இல்லையே, பில் எங்க?" எஸ்டிமேட் சீட்டு எழுதிக் கொடுத்த அதே வாய். அண்ணன் காலைப் பற்றிச் சொன்னேன். "செருப்புப் போட்டுட்டு ஓட்டியிருப்பாரு" என்றார். பெரியவருக்கு இடுப்பு தாங்காது என்று சொன்ன மனுஷன் இவர்தான். அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு பண்ணிவிட்டேன். அடுத்தது எழுத்துமூலம் நோட்டீஸ், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட்டால் போதும். சரியான பில் இல்லாததால் இழுக்கும் என்கிறார்கள். 20,000-க்கு ஜிபே ஆதாரம் இருக்கிறது, 16,500-க்கு அந்தக் காகிதம்தான். ஆனாலும் 36,500-ஐயும் கேட்டுத்தான் போடப் போகிறேன்.

மெஷினை எப்படிப் பார்த்து வாங்குவது, எப்படி ஓட்டுவது என்று விவரமாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். இப்போது அந்த நிதானம் இல்லை. தெரிந்துகொண்டதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கண் முன்னால் ஆயில் ஊற்றி, டிப் ஸ்டிக்கைத் துடைத்து அளந்து காட்டாமல் யாரையும் கயிற்றை இழுக்க விடாதீர்கள். பிரஷ் கட்டர் மாதிரி இரண்டு ஸ்ட்ரோக்காக இருந்தால் பெட்ரோலிலேயே ஆயில் கலக்கணும், நாலு ஸ்ட்ரோக்குக்குத் தனியாக ஊற்றணும். எது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கைப்பிடிக் கம்பியை யார் கட்டினாலும் அந்த இடத்திலேயே அறுத்து எறியுங்கள். பையோ மூடியோ இல்லாமல் ஓட்டாதீர்கள். வெட்டுவதற்கு முன்னால் தரையில் நடந்து கல், கம்பி, சொட்டுநீர்க் குழாய் எல்லாம் பொறுக்குங்கள். ஷூ போடுங்கள், பேன்ட் போடுங்கள், குழந்தைகளை உள்ளே அனுப்புங்கள். அடியில் புல் சிக்கினால் முதலில் என்ஜினின் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றுங்கள், அப்புறம்தான் கை வைக்கணும். சூடாக இருக்கும்போது பெட்ரோல் ஊற்றாதீர்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

அண்ணனுக்கு அடுத்த வாரம் தையல் பிரிக்கிறார்கள். அதுவரை அவர் சம்பளம் குறையக் கூடாது என்று 22 வீட்டிலும் சொல்லிவிட்டேன். மெஷின் பம்ப் ரூமில் கிடக்கிறது. அந்தக் கேபிள் டையை வெட்டவில்லை. ஆணையத்தில் காட்ட வேண்டும்.