கழற்றும் ஹிட்சா, மடக்கும் ஹிட்சா? வயரிங்கில் எதை எடுப்பது?

ஜெர்மனியில் காருக்கு டிரெய்லர் ஹிட்ச் (டிரெய்லரை இழுக்கக் காரின் பின்னால் பூட்டும் கொக்கி) பூட்ட நினைப்பவர்கள் எடுத்தவுடன் விலையைத்தான் தேடுகிறார்கள். அதற்கு முன் காரின் பதிவுச் சான்றைப் பாருங்கள். ஓ.1 என்ற கட்டத்தில் பிரேக் உள்ள டிரெய்லர் எவ்வளவு எடை இருக்கலாம் என்றும், ஓ.2-இல் பிரேக் இல்லாதது எவ்வளவு இருக்கலாம் என்றும் போட்டிருக்கும். சில எலக்ட்ரிக் கார்களில் சைக்கிள் ரேக் மாட்ட மட்டும்தான் அனுமதி, இழுக்க அனுமதியே கிடையாது.

சரி, வகைகளுக்கு வருவோம். நிரந்தரமாகப் பொருத்தும் ஹிட்ச்தான் விலை குறைவு, கெட்டுப்போக அதில் ஒன்றுமில்லை. வாரா வாரம் டிரெய்லர் இழுப்பவருக்கு அதுவே போதும். ஆனால் டிரெய்லர் மாட்டும் முனையான உருண்டை நம்பர் பிளேட்டை மறைத்தால் அதை அப்படியே விட்டுவிட்டு ஓட்ட முடியாது, ரிவர்ஸ் எடுக்கும்போது பார்க்கிங் சென்சாரும் கத்திக்கொண்டே இருக்கலாம். பம்பருக்கு அடியில் மடங்கி மறையும் வகை சொகுசானது, கை அழுக்காகாது. ஆனால் விலை அதிகம், எல்லா மாடலுக்கும் கிடைப்பதில்லை.

வருடத்தில் சில தடவை மட்டும் டிரெய்லரோ சைக்கிள் ரேக்கோ மாட்டுபவருக்கு நான் சொல்வது கழற்றும் வகைதான், அதிலும் கீழிருந்து மேலாகச் செங்குத்தாகச் செருகுவது. கழற்றிவிட்டால் பின்னால் நின்று பார்ப்பவருக்கு ஹிட்ச் இருப்பதே தெரியாது. பல மாடல்களில் கழுத்தின், அதாவது உருண்டையைத் தாங்கும் வளைந்த கம்பியின், பக்கவாட்டில் ஒரு கைச்சக்கரம் இருக்கும், செருகியதும் அது தானாகச் சுழன்று பூட்டிக்கொள்ளும். பச்சைக் குறி தெரிந்தால் பூட்டிவிட்டது, சிவப்பு தெரிந்தால் இல்லை. பச்சையைப் பார்த்து, சாவியைத் திருப்பி எடுத்த பிறகுதான் டிரெய்லரைக் கொண்டுவர வேண்டும். கழற்றியதும் துளைக்குப் பிளாஸ்டிக் மூடியைப் போடுங்கள். குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு உள்ளே போனால் அடுத்த கோடையில் கழுத்து ஏறாமல் அடம்பிடிக்கும்.

ஹிட்ச் தகட்டில் இரண்டு எண்கள் முக்கியம். எஸ் மதிப்பு என்பது உருண்டை மேல் செங்குத்தாக இறங்கக்கூடிய அதிகபட்ச எடை. 25 கிலோ எலக்ட்ரிக் சைக்கிள் இரண்டு, 18 கிலோ ரேக் என்றால் அதுவே 68 கிலோ ஆகிவிடும். டி மதிப்பு இழுவிசைக்கானது: 1.9 டன் கார், 1.4 டன் டிரெய்லர் என்றால் இரண்டையும் பெருக்கி, கூட்டுத்தொகையால் வகுத்து, 9.81-ஆல் பெருக்கினால் 7.9 கிலோநியூட்டன் வரும். தகட்டில் அதைவிடக் குறைவாக இருந்தால் வாங்காதீர்கள்.

ஹிட்ச் இரும்பில் ஓரளவு மிச்சம் பிடிக்கலாம், டிரெய்லர் விளக்குகளைக் காரோடு இணைக்கும் வயரிங்கில் கூடவே கூடாது. எந்தக் காருக்கும் போடலாம் என்று விற்கும் பொது கிட் மலிவு, பழைய கார்களுக்கு அது தாராளமாகப் போதும். இன்றைய கார்களோ பல்பு எரிகிறதா என்று சிறு துடிப்பு அனுப்பிச் சோதித்துக்கொண்டே இருப்பவை. அதில் பொது கிட்டை ஒட்டினால் டிரெய்லரின் எல்இடி விளக்கு மினுக்கலாம், டாஷ்போர்டில் தேவையில்லாத எச்சரிக்கை வரலாம். காருக்கென்றே செய்த கிட் அதன் கேன் பஸ்ஸோடு, அதாவது காரின் கணினிகள் தகவல் பரிமாறும் இணைப்போடு, பேசும். டிரெய்லர் மாட்டியதும் பின் பார்க்கிங் சென்சார் அணையும், காரின் பின்புற ஃபாக் விளக்கும் அணைந்து டிரெய்லருடையது மட்டும் எரியும், டிரெய்லர் இண்டிகேட்டர் செத்தால் டாஷ்போர்டில் தெரியும். எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப்படுவது, டிரெய்லர் பக்கவாட்டில் ஆடத் தொடங்கினால் ஈஎஸ்பி (கார் நிலை தடுமாறாமல் காக்கும் அமைப்பு) சக்கரங்களைத் தனித்தனியாகப் பிரேக் பிடித்து அடக்குவது. இதற்குப் பல கார்களில் கிட்டைப் பூட்டினால் மட்டும் போதாது, ஹிட்ச் இருப்பதைக் காரின் கணினியில் பதியும் கோடிங்கும் செய்ய வேண்டும். விளக்கெல்லாம் எரிகிறதே என்று அதை விட்டுவிடுபவர்கள் நிறைய, தயவுசெய்து விடாதீர்கள்.

சாக்கெட்டில் 7 பின்னா 13 பின்னா என்று யோசிக்கவே வேண்டாம், 13-ஐப் போடுங்கள். ரிவர்ஸ் விளக்குக்கும், கேரவனுக்கு வேண்டிய நிரந்தர மின்சாரத்துக்கும் அதில்தான் இடம் இருக்கிறது. பழைய 7 பின் டிரெய்லருக்குச் சின்ன அடாப்டர் போதும். வேலை முடிந்ததும் அதைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் சில கார்கள் டிரெய்லர் இன்னும் மாட்டியிருப்பதாக நினைத்து பார்க்கிங் சென்சாரை அணைத்தே வைத்திருக்கும்.

பழைய கழற்றும் ஹிட்ச் வாங்குவதாக இருந்தால் சாவி, மூடி, உங்கள் மாடல் எழுதப்பட்ட அனுமதித் தாள் மூன்றும் கைக்கு வந்த பிறகு பணம் கொடுங்கள்.