காது மந்தமான மிலிட்டரிக்காரர் எந்தக் கதவைத் தட்டுவது?

எங்கள் மாமா பீரங்கிப் படையில் 24 வருஷம் இருந்து 2009-ல் ஹவில்தாராக வெளியே வந்தவர். 130 மி.மீ. பீரங்கிக்குப் பக்கத்தில் நிற்கும்போது காதில் பஞ்சு, அதுதான் அவருக்குக் கிடைத்த பாதுகாப்பு. இப்போது ஊர்த் திருவிழாவில் தவில் சத்தம் அவருக்குக் கேட்கிறது, கூடவே தட்டுகிற ஜால்ரா கேட்பதில்லை. வயலில் போர்வெல் மோட்டார் நின்றுபோனால் முதலில் கண்டுபிடிப்பவர் அவர்தான், ஆனால் பேத்தி வாசலில் நின்று கூப்பிட்டால் திரும்பமாட்டார். வெடிச்சத்தத்தில் கெட்ட காது இப்படித்தான் இருக்கும். ஆடியோகிராமில், அதாவது காது சோதனையில் போடும் வரைபடத்தில், 4000 ஹெர்ட்ஸ் பக்கம் கோடு பள்ளத்தில் விழும், தாழ்ந்த ஒலியெல்லாம் பல வருஷம் தப்பித்துக்கொள்ளும்.

ஒரத்தநாடு, மன்னார்குடி பக்கம் இப்படி நிறைய பேர் இருக்கிறார்கள். பணியில் வந்த உடல் பாதிப்புக்குத் தரும் டிஸபிலிட்டி பென்ஷன் கேட்டு "இல்லை" என்று கடிதம் வந்ததும் ஆளுக்கு ஒரு வழி சொல்வார்கள். மேல்முறையீடு போடு என்பார் ஒருவர், நேரே சென்னையில் இருக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போ என்பார் இன்னொருவர், பென்ஷன் குறைகளைக் கேட்கும் பென்ஷன் அதாலத்தில் முடிந்துவிடும் என்பார் டீக்கடையில் மூன்றாமவர். மாமாவுக்காக இந்தக் காகிதங்களோடு ரொம்ப நாள் அலைந்தவன் என்ற முறையில் என் கணக்கைச் சொல்கிறேன்.

வழியைத் தேர்ந்தெடுக்கும் முன்னால் மறுப்புக் கடிதத்தை ஒழுங்காகப் படியுங்கள், ஏனென்றால் மறுப்பு இரண்டு வகை, இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் பாதிப் பேர் தோற்கிறார்கள். ஒன்று, "பணியால் வந்ததும் இல்லை, பணியால் கூடியதும் இல்லை" என்பது, மிலிட்டரிக்காரர்கள் இதன் ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து 'நானா' (NANA) என்று சுருக்கிச் சொல்வார்கள். இன்னொன்று, பாதிப்பு 20 சதவீதத்துக்குக் கீழே என்பது. முதல் வகைக்கு மருந்து உண்டு. 2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: சேரும்போது நோய் இருந்ததாகப் பதிவு இல்லையென்றால், பிறகு வந்ததைப் பணியால் வந்ததாகவே எடுத்துக்கொள்ள வேண்டும், சேரும்போது கண்டுபிடித்திருக்க முடியாது என்று ராணுவ மருத்துவ வாரியம் சொன்னால் காரணம் எழுத வேண்டும், சந்தேகத்தின் பலன் சிப்பாய்க்கு. மாமா சேர்ந்தபோது 20 அடி தள்ளி நின்று ஒருவர் கிசுகிசுத்ததை இரண்டு காதிலும் கேட்டுத் திருப்பிச் சொல்லித்தான் தேறினார். அப்படிக் கேட்ட காது 24 வருஷத்தில் எங்கே போனதாம்?

இரண்டாவது வகை கஷ்டம். காது விஷயத்தில் வாரியம் அடிக்கடி 11, 15 என்று எழுதி வைத்துவிடும். முழு சர்வீஸ் முடித்து வெளியே வந்தவருக்கு 20-க்குக் கீழே இருந்தால் டிஸபிலிட்டி எலிமென்ட், அதாவது பாதிப்புக்கென்று தரும் தொகை, கிடையாது, மேலே தள்ளிக் கணக்குப் போடும் சலுகையும் கிடையாது, 2019-ல் எஸ்.பி. ரத்தோர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதியாகவே சொல்லிவிட்டது. அப்படிப்பட்டவர்கள் காதோடு ரத்த அழுத்தம், முதுகுவலி என்று வேறு ஏதாவது வாரியத்தின் தாளில் இருக்கிறதா, சேர்த்துப் போட்ட மொத்த சதவீதம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். உடல் பாதிப்பைக் காட்டி, இனிப் பணி செய்ய முடியாது என்று பாதியிலேயே வீட்டுக்கு அனுப்பப்பட்டவர் கதை வேறு. அவருக்கு 20-க்கு மேல் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று 2014-ல் சுக்விந்தர் சிங் வழக்கில் தீர்ப்பு இருக்கிறது.

சரி, கதவுகளுக்கு வருவோம்.

துறைக்குள்ளேயே முதல் மேல்முறையீடு, இரண்டாவது மேல்முறையீடு என்று இரண்டு படி. செலவு தபால் காசு மட்டும். மறுப்பு வந்த 6 மாதத்துக்குள் போட வேண்டும். வக்கீல் தேவையில்லை, யூனிட் விவரம், எந்த பீரங்கி, எத்தனை ஃபயரிங் ரேஞ்ச் என்று நாமே எழுதலாம். குறை என்னவென்றால், மறுத்த அதே துறையிடமே மறுபடி கேட்கிறோம். பதில் பெரும்பாலும் முந்தின கடிதத்தின் நகல் மாதிரி இருக்கும். ஆனாலும் போடுங்கள் என்பேன், ஏனென்றால் இந்தப் படியைத் தாண்டாமல் தீர்ப்பாயம் போனால் "அங்கே போய்விட்டு வா" என்று திருப்பி அனுப்ப இடமுண்டு. மனு கொடுத்து 6 மாதம் பதிலே வரவில்லையென்றால் காத்திருக்க வேண்டியதில்லை, அப்புறம் தீர்ப்பாயம் போகலாம்.

ஆயுதப்படைத் தீர்ப்பாயம் 2007 சட்டத்தில் உருவாகி 2009-ல் வேலையைத் தொடங்கியது, சென்னையில் ஓர் அமர்வு இருக்கிறது. நம் ஊரிலிருந்து ஒவ்வொரு வாய்தாவுக்கும் ராத்திரி ரயில், காலையில் குளியலுக்கு ஒரு இடம், வக்கீல் ஃபீஸ். ஆனால் தரம்வீர் சிங் மாதிரித் தீர்ப்புக்கு மதிப்பு கொடுத்துப் பேசுகிற முதல் இடம் இதுதான், என் கணிப்பில் 'நானா' வழக்குகளுக்குச் சரியான கதவும் இதுதான். அதோடு 2014 டிசம்பரில் ராம் அவதார் தீர்ப்பு வந்த பிறகு 20 சதவீதம் என்பது 50 ஆக உயர்கிறது. காசாகப் பார்த்தால், கடைசிச் சம்பளம் 40,000 என்று வைத்துக்கொள்ளுங்கள், 100 சதவீதத்துக்கு அதில் 30 சதவீதம், அதாவது 12,000. 20 சதவீதம் என்றால் மாதம் 2,400, அதையே 50 ஆக்கினால் 6,000, மேலே அகவிலைப்படி. இந்த வித்தியாசத்துக்கு சென்னை ரயில் டிக்கெட் ஒன்றுமே இல்லை.

வக்கீல் விஷயத்தில் ஒரு சங்கதி. ஒருவர் எங்களிடம் அரியர்ஸில் கால் பங்கு கேட்டார். ஜெயித்தால் இத்தனை பங்கு என்று ஃபீஸ் பேச பார் கவுன்சில் விதி இடம் கொடுக்காது. பணம் இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், மாற்றுத்திறனாளிக்கு இலவச சட்ட உதவி கேட்க உரிமை உண்டு.

தீர்ப்பாயத்தில் தோற்றால் எல்லாம் முடிந்தது என்றுதான் 2015-லிருந்து சொல்லி வந்தார்கள். 2023-ல் பர்ஷோத்தம் தாஸ் வழக்கில் உயர் நீதிமன்றக் கதவு மறுபடி திறந்தது. ஆனால் அரசுத் தரப்பும் அதே கதவால் வரலாம் என்பதை மறக்காதீர்கள்.

பென்ஷன் அதாலத், ராணுவ பென்ஷனுக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் போடும் புகார் இரண்டும் கணக்குப் பிழைக்கு நல்ல மருந்து. அகவிலைப்படி விட்டுப்போனது, சதவீதம் தப்பாக ஏறியது, இதற்கெல்லாம் அங்கே போகலாம். மருத்துவ வாரியத்தின் முடிவை மாற்றும் இடம் அதுவல்ல, அங்கே ஒரு வருஷம் உட்கார்ந்து பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்.

அப்புறம் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. இது போட்டிக் கதவே இல்லை. 2016 சட்டப்படி இரண்டு காதிலும் பேச்சு ஒலியில் 60 டெசிபல் இழப்பு இருந்தால்தான் செவித்திறன் குறைந்தவர் என்று கணக்கு, பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் வேண்டும். பீரங்கிச் சத்தத்தில் கெட்ட காது பேச்சு ஒலியில் ஓரளவு தாக்குப்பிடிப்பதால் மாமா இங்கே தேறவில்லை, ராணுவக் கணக்கில் தேறினார். அட்டை தரவில்லை என்பதற்காக பென்ஷன் கேஸை விட்டுவிடாதீர்கள். முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இசிஎச்எஸ்ஸில் காது மிஷின் வாங்கிக்கொள்வதாலும் கேஸ் கெடாது.

எந்தக் கதவாக இருந்தாலும் கையில் வேண்டிய காகிதம் ஒன்றே. வெளியே வரும்போது நடந்த மருத்துவ வாரியத்தின் முழு நகல், ஆடியோகிராமோடு. இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

மாமா 2009-லேயே வந்த மறுப்பை டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டி வைத்திருந்தார். "காதுதானே மாப்ள, கை கால் நல்லாத்தானே இருக்கு" என்பார். 2020-ல்தான் தீர்ப்பாயம் போனோம், 2022-ல் 50 சதவீதத்துக்கு உத்தரவு வந்தது. தாமதத்தை மன்னித்தார்கள், ஆனால் 2008-ல் தர்சேம் சிங் வழக்கில் வந்த தீர்ப்புப்படி மனு போட்ட தேதிக்கு முந்தைய மூன்று வருஷ அரியர்ஸ்தான். 2009-லிருந்து 2017 வரை எட்டு வருஷப் பணம் பெட்டிக்குள்ளேயே போயிற்று.

இந்தக் கணக்கெல்லாம் பழைய விதியில் வெளியே வந்தவர்களுக்கு. 2023 செப்டம்பர் 21 முதல் வெளியே வருகிறவர்களுக்குப் புது விதி, அதில் பணிக்கும் பாதிப்புக்கும் தொடர்பு காட்டுவதில் கண்டிப்பு கூடுதல். மாமாவின் தம்பி மகன் அடுத்த வருஷம் வருகிறான், அவனும் பீரங்கிதான். வெளியே வரும் முன்னால் ரெஜிமென்ட் டாக்டரிடம் காதுக் குறையைச் சொல்லிப் பதிவு பண்ணிக்கொள் என்று போனில் சொன்னேன். அவனுக்குச் சரியாகக் கேட்கவில்லை போல, இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.